டிஜிட்டல் பேட்ஜ்: படத்திற்குள் இருக்கும் சான்று

என் நண்பர் ஒருவர் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக இருக்கிறார். வகுப்பு எடுப்பதுடன், அந்தக் கல்லூரியில் பணிபுரிவோர் ஆண்டுதோறும் என்னென்ன பயிற்சி பெற்றனர் என்று கணக்கெடுக்கும் பொறுப்பும் அவருடையது. சில வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் இரண்டு பைல்களுடன் என் வீட்டிற்கு வந்தார். "சார், இந்த ரெண்டையும் கொஞ்சம் பாருங்க" என்று மேஜையில் வைத்தார்.

முதல் பைல் ஓர் ஆசிரியருடையது. உள்ளே 43 சான்றிதழ்கள். பெரும்பாலானவை 2020-ம் ஆண்டு ஊரடங்கின் போது வந்தவை. அப்போது இணைய வழிக் கருத்தரங்கில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, முடிவில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால், மெயிலில் வண்ணச் சான்றிதழ் வந்துவிடும். பலரிடம் இப்படிப்பட்டவை கட்டுக்கட்டாக இருக்கின்றன.

இரண்டாவது பைலில் ஒரே ஒரு தாள். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவர் கைப்பட எழுதிய கடிதம் அது. அவர் தானாகவே எக்செல் கற்றுக் கொண்டு, ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடு முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறார். காலாவதித் தேதி நெருங்கும் ரசாயனங்களின் வரி தானாகச் சிவப்பாக மாறும்படி செய்திருக்கிறார். அதற்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது.

"எண்ணிப் பார்த்தா முதல் ஆளுக்குத்தான் பாராட்டு. ஆனா மனசு ஒப்பலை சார். டிஜிட்டல் பேட்ஜ்னு சொல்றாங்களே, அது இதுக்கு உதவுமா?" என்று கேட்டார் நண்பர்.

உதவும், ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் மட்டும் என்றேன். அன்று அவருக்கு விளக்கியதையே இங்கு உங்களுக்கும் தருகிறேன். நீங்கள் கல்லூரியில் பணிபுரியாதவராக இருக்கலாம். ஆனாலும் இணையத்தில் ஏதேனும் ஒரு பாடம் படித்தால் இன்றோ நாளையோ உங்களுக்கும் ஒரு பேட்ஜ் வரும். அப்போது அதை என்ன செய்வது என்று தெரிந்திருப்பது நல்லது.

பேட்ஜ் என்பது என்ன?

பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். முடிச்சுப் போடத் தெரிந்தால் ஒரு பேட்ஜ், முதலுதவி தெரிந்தால் ஒரு பேட்ஜ் எனச் சட்டையில் தைத்துக் கொள்வார்கள். சாரணர் கூட்டத்திற்கு வந்து உட்கார்ந்ததற்காக அந்தத் துணிப் பேட்ஜ் கிடைக்காது. சோதிப்பவர் முன் முடிச்சைப் போட்டுக் காட்ட வேண்டும்.

டிஜிட்டல் பேட்ஜும் அதே எண்ணம்தான். துணிக்குப் பதிலாக ஒரு சிறிய இமேஜ் பைல். ஒரு பட்டம் என்பது மூன்று ஆண்டு படிப்பை மொத்தமாகச் சொல்லும். பேட்ஜ் என்பது ஒரே ஒரு திறமையைத் தனியாக எடுத்துச் சொல்லும். "வினாத்தாளை இணைய வழியில் அமைக்கத் தெரியும்", "பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கும் பயன்படும் வகையில் பாடக் குறிப்பு தயாரிக்கத் தெரியும்" என்பது போல.

இதற்கெனப் பொதுவான ஒரு வழிமுறை வேண்டும் என்று முனைந்தது, பயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மொஸில்லா அமைப்பு. அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் ஆதரவுடன் 2011-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. "ஓப்பன் பேட்ஜஸ்" என்பது இதன் பெயர். முதல் முழுமையான பதிப்பு 2013-ல் வெளிவந்தது. 2017 முதல் இதன் பொறுப்பு ஐ.எம்.எஸ். குளோபல் என்ற அமைப்பிடம் சென்றது. அந்த அமைப்பு 2022-ல் தன் பெயரை ஒன்-எட்டெக் என மாற்றிக் கொண்டது. பதிப்பு 3.0, 2024-ல் இறுதி செய்யப்பட்டது.

பொதுவான வழிமுறை எதற்கு? உங்கள் ஏ.டி.எம். கார்டு எல்லா வங்கிகளின் இயந்திரத்திலும் வேலை செய்கிறதல்லவா? அது போல ஓர் இடத்தில் வாங்கிய பேட்ஜை இன்னோர் இடத்தில் காட்டவும் சோதிக்கவும் முடிய வேண்டும். அதற்காகத்தான்.

படத்திற்குள் என்ன இருக்கிறது?

பேட்ஜின் சிறப்பு இதில்தான் உள்ளது. பார்ப்பதற்குச் சாதாரணப் படம் போல இருந்தாலும், அந்தப் பைலுக்குள் எழுத்து வடிவில் தகவல்கள் பதிக்கப்பட்டிருக்கும். பி.என்.ஜி. வகை இமேஜ் பைலில் படத்துடன் எழுத்துகளையும் சேர்த்து வைக்க இடம் உண்டு. படத்தை உங்களுக்குத் திறந்து காட்டும் புரோகிராம் அந்தப் பகுதியைக் காட்டாது. ஆனால் அது அங்கே இருக்கும். கேக்கிற்குள் முந்திரியை வைத்துச் சுடுவது போல் தகவலைப் படத்தினுள் வைப்பதால், இதனை ஆங்கிலத்தில் பேக்கிங் என்றே அழைக்கின்றனர்.

உள்ளே இருக்கும் முக்கிய விவரங்கள்:

1. யாருக்கு வழங்கப்பட்டது.
2. வழங்கிய நிறுவனம் எது.
3. பேட்ஜின் பெயரும், எந்தத் திறமைக்கு என்ற விளக்கமும்.
4. இதைப் பெற என்ன செய்திருக்க வேண்டும் என்ற விதிமுறை.
5. வழங்கிய நாள், காலாவதி ஆகும் என்றால் அந்த நாள்.
6. செய்து காட்டிய வேலைக்கான ஆதாரம். பெரும்பாலும் ஓர் இணையப் பக்கத்தின் முகவரியாக இருக்கும்.

இவற்றில் ஆறாவது கட்டாயம் இல்லை. நிறுவனம் விரும்பினால் தரலாம், விட்டுவிடலாம். ஆனால் என்னைக் கேட்டால் பேட்ஜின் உயிர் அதில்தான் இருக்கிறது. நண்பரிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

நீங்களே பார்க்கலாம்

உங்களிடம் ஒரு பேட்ஜ் பைல் இருந்தால் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். முதலில் அந்தப் பைலுக்கு ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். ஒரிஜினலைத் தொட வேண்டாம். காப்பியின் மீது ரைட் கிளிக் செய்து, "ஓப்பன் வித்" என்பதில் நோட்பேட் புரோகிராமைத் தேர்ந்தெடுங்கள். திரை முழுவதும் புரியாத குறியீடுகள் வரும். பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தித் தேடல் கட்டத்தைத் திறந்து, ஓப்பன்பேட்ஜ் என்ற சொல்லை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். தகவல் பதிக்கப்பட்ட பேட்ஜ் என்றால் குறியீடுகளுக்கு நடுவே அந்தச் சொல்லும், அதை அடுத்து ஓர் இணைய முகவரியோ, படிக்கக்கூடிய சில வரிகளோ தெரியும். பார்த்து முடித்ததும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். சேவ் செய்தால் அந்தக் காப்பி கெட்டுவிடும்.

அந்தச் சொல் கிடைக்கவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு செய்துவிடக் கூடாது. சில நிறுவனங்கள் படத்தில் எதையும் பதிக்காமல், பேட்ஜிற்கான இணையப் பக்க முகவரியை மட்டும் தருவதுண்டு. அப்போது அந்த முகவரிதான் பேட்ஜ். படம் வெறும் அடையாளம்.

உங்கள் பெயர் ஏன் இல்லை?

உள்ளே பார்த்த சிலர், "என் பெயரையே காணோமே" என்று கேட்கலாம். பழைய பதிப்புகளில் பேட்ஜ் யாருடையது என்பது பொதுவாக இமெயில் முகவரி மூலம்தான் குறிக்கப்படுகிறது. அந்த முகவரியையும் அப்படியே எழுதி வைத்தால் விளம்பர மெயில் அனுப்புபவர்கள் எடுத்துக் கொள்வார்கள். எனவே அதை அரைத்து வைக்கிறார்கள். இதற்கு ஹாஷ் என்று பெயர்.

அரிசியைக் கிரைண்டரில் போட்டால் மாவு கிடைக்கும். மாவை மறுபடி அரிசி ஆக்க முடியாது. ஹாஷ் என்பதும் அப்படித்தான். உங்கள் இமெயில் முகவரி அதில் நுழைந்து 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரிசையாக வெளியே வரும். அதிலிருந்து திரும்ப முகவரியைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால் அதே முகவரியை மறுபடி அரைத்தால் அதே வரிசை அப்படியே வரும். "இந்த பேட்ஜ் என்னுடையது" என்று நீங்கள் சொன்னால், சோதிக்கும் தளம் உங்கள் முகவரியை அரைத்துப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பேட்ஜ் உங்களுடையது. முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் வரிசை முற்றிலும் மாறிவிடும். பயிற்சிக்குப் பதிவு செய்யும் போது இமெயில் முகவரியைப் பிழையின்றித் தர வேண்டும் என்பது இதனால்தான்.

உண்மையா என எப்படிச் சோதிக்கிறார்கள்?

இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில், பேட்ஜின் உள்ளே இருக்கும் முகவரியைப் பிடித்துக் கொண்டு சோதிக்கும் தளம் வழங்கிய நிறுவனத்தின் சர்வருக்கே செல்லும். "இப்படி ஒரு பேட்ஜ் கொடுத்தீர்களா?" என்று கேட்கும். அங்குள்ள பதிவும் இதுவும் ஒத்துப் போனால் சரி. பேட்ஜை நிறுவனம் ரத்து செய்திருந்தாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி டிஜிட்டல் கையெழுத்து. வழங்கும் நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள ஒரு ரகசியச் சாவியால் தகவலுக்குக் கையெழுத்திடும். அனைவருக்கும் தெரிந்த இன்னொரு சாவியால் யாரும் அதைச் சரிபார்க்கலாம். உள்ளே ஒரே ஒரு எழுத்தை யாராவது மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. பதிப்பு 3.0 இந்த இரண்டாவது வழிக்கே முக்கியத்துவம் தருகிறது.

டிஜிலாக்கர் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அதில் வழங்கப்பட்ட ஆவணங்களுக்கும் நீங்களே ஏற்றும் ஆவணங்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் இருப்பது உரிய துறையின் பதிவிலிருந்து நேரடியாக வருவது. இரண்டாவது நீங்களே ஸ்கேன் செய்து போட்டது. நண்பரின் பைலில் இருந்த 43 சான்றிதழ்களும் இரண்டாவது வகை. சரியான பேட்ஜ் என்பது முதல் வகை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன ஆகும்?

நண்பர் தன் மொபைலில் ஒரு பேட்ஜ் படத்தைக் காட்டினார். உடன் பணிபுரியும் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலே சொன்ன நோட்பேட் சோதனையைச் செய்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. அனுப்பியவர் பொய் சொன்னாரோ என்று நண்பருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவர் மீது தவறில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் போட்டோவாக அனுப்பும் போது, அளவைக் குறைப்பதற்காக அது படத்தை ஜே.பி.ஜி. வகைக்கு மாற்றிப் புதிதாக எழுதி அனுப்புகிறது. அப்போது உள்ளே பதித்திருந்த தகவல் போய்விடும். ஸ்கிரீன் ஷாட் எடுத்தாலும், பெயிண்ட் போன்ற புரோகிராமில் திறந்து மீண்டும் சேவ் செய்தாலும் இதே நிலை ஏற்படலாம். கேக்கைப் போட்டோ எடுத்தால் முந்திரி கிடைக்குமா?

நண்பர் அவரைப் போனில் அழைத்து, ஒரிஜினல் பைலை அனுப்பச் சொன்னார். வாட்ஸ்அப்பில் பேப்பர் கிளிப் படத்தைத் தட்டி, போட்டோ என்பதற்குப் பதிலாக "டாக்குமெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். பைல் மாறாமல் வந்தது. தேடினோம், தகவல் இருந்தது. இமெயிலில் அட்டாச்மெண்ட் ஆக அனுப்பினாலும் மாறாமல் செல்லும். ஒரு தவறான அனுப்பும் முறையால் ஒருவருடைய உழைப்பின் மீது சந்தேகம் வந்துவிட இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கல்லூரிகளில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

இங்கிலாந்தில் தொழிற்கல்வி தரும் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்காக, எஜுகேஷன் அண்ட் டிரெய்னிங் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2019-ல் ஒரு பயிற்சித் தளத்தைத் தொடங்கியது. பாடங்கள் எல்லாம் சிறியவை. தேநீர் இடைவேளையில் ஒன்றை முடித்துவிடலாம். அதில் என்னைக் கவர்ந்தது பேட்ஜ் தரும் முறை. பாடத்தைப் படித்து முடித்தால் ஒரு நட்சத்திர பேட்ஜ். படித்ததைத் தன் வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினேன் என்று சிந்தித்து எழுதினால் இரண்டு நட்சத்திரம். வகுப்பில் ஏற்பட்ட பயனை ஆதாரத்துடன் காட்டினால் மூன்று நட்சத்திரம்.

இதில் என்ன நன்மை? "கேட்டேன்", "செய்து பார்த்தேன்", "பலன் கிடைத்தது" என்ற மூன்றும் வேறு வேறு என்பதைப் பேட்ஜே சொல்லிவிடுகிறது. நண்பரின் பைலில் இருந்த 43 சான்றிதழ்களும் முதல் படியிலேயே நின்றுவிட்டன. ஆய்வக உதவியாளரின் கடிதம் நேராக மூன்றாவது படிக்குப் போய்விட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

அயர்லாந்திலும் இது போன்ற ஏற்பாடு உண்டு. உயர்கல்வியில் கற்பித்தலை மேம்படுத்துவதற்கான அந்நாட்டின் தேசிய மன்றம், கல்லூரிகளில் கற்பிப்போருக்குப் பல குறும்பாடங்களை அமைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் டிஜிட்டல் பேட்ஜ் வழங்கியது. ஒரு பாடத்திற்குச் சுமார் 25 மணி நேர உழைப்பு தேவை. ஒரு மணி நேரக் கருத்தரங்கையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாதல்லவா? எவ்வளவு உழைப்பு என்பதை வெளிப்படையாகச் சொல்வதும் நல்ல பேட்ஜின் இலக்கணம்.

செலவு ஆகுமா?

நண்பர் அடுத்துக் கேட்டது இதைத்தான். அவர் கல்லூரியில் ஏற்கெனவே மூடுல் என்ற புரோகிராம் பயன்பாட்டில் இருக்கிறது. பாடக் குறிப்புகளை ஏற்றவும், மாணவர்களிடம் ஒப்படைப்பு வாங்கவும் பல கல்லூரிகள் பயன்படுத்தும் இலவச புரோகிராம் இது. 2013-ல் வெளியான அதன் 2.5 பதிப்பிலிருந்தே பேட்ஜ் வழங்கும் வசதி உள்ளது. எனவே புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மூடுலில் பேட்ஜ் பகுதியைத் திறந்து, புதிய பேட்ஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயர், விளக்கம், படம் ஆகியவற்றைத் தர வேண்டும். அடுத்து விதிமுறை. குறிப்பிட்ட பாடத்தை முடித்தால் தானாகவே வழங்கும்படி அமைக்கலாம். அல்லது பொறுப்பில் இருப்பவர் வேலையை நேரில் பார்த்து, திருப்தி அடைந்த பின் தானே வழங்கும்படியும் அமைக்கலாம். இரண்டாவதையே எடுத்துக் கொள்ளுமாறு நண்பரிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் தானாக வழங்குவது சுலபம்தான். ஆனால் ரசாயனப் பதிவேடு சரியாக வேலை செய்கிறதா என்று மனிதர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

இரண்டு எச்சரிக்கைகளும் தந்தேன். ஒன்று, ஒருவருக்கு பேட்ஜ் வழங்கிய பின் அதன் விதிமுறையை மூடுலில் மாற்ற முடியாது. இது நல்லதுதான். நேற்று வாங்கியவருக்கு ஒரு விதி, இன்று வாங்குபவருக்கு ஒரு விதி என்று ஆகாமல் காக்கிறது. ஆனால் தொடங்கும் முன் நன்கு யோசித்து எழுத வேண்டும். இரண்டு, கல்லூரி வளாகத்திற்குள் மட்டும் திறக்கும் சர்வரில் மூடுல் இருந்தால், வெளியில் இருந்து யாரும் பேட்ஜைச் சோதிக்க முடியாது. அது இணையத்தில் எங்கிருந்தும் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

பரிசு ஆர்வத்தைக் கெடுக்குமா?

எல்லாவற்றிற்கும் பேட்ஜ் கொடுத்துவிடலாமா? கூடாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்து, 1973-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பாடம். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் நடத்தியது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது பிரிவுக்குச் சொல்லாமல் வரைந்த பின் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை.

சில நாட்கள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களை விடக் குறைந்த நேரமே படம் வரைந்தனர். ஆசையாகச் செய்த வேலை, பரிசுக்கான வேலையாக மாறிவிட்டது. பரிசு நின்றதும் ஆர்வமும் குறைந்தது.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல என்றே நினைக்கிறேன். "இந்த ஆண்டு பத்து பேட்ஜ் வாங்கியாக வேண்டும்" என்று கல்லூரி உத்தரவு போட்டால், எல்லோரும் எளிதாகக் கிடைக்கும் பத்தைத் தேடிப் போவார்கள். 43 சான்றிதழ் கதை மறுபடி நடக்கும். தாளுக்குப் பதில் படம், அவ்வளவுதான். ஒருவர் தானாக ஆர்வத்துடன் செய்த வேலையைக் கண்டுபிடித்து, "இதை நாங்கள் கவனித்தோம்" என்று சொல்வதற்கு பேட்ஜைப் பயன்படுத்தினால் அது மரியாதை. எண்ணிக்கை இலக்காக மாறினால் அது சுமை.

பேட்ஜ் வாங்குபவர்கள் கவனிக்க

இனி உங்களுக்கான குறிப்புகள். கல்லூரியோ அலுவலகமோ, எங்கிருந்து பேட்ஜ் பெற்றாலும் பொருந்தும்.

1. முடிந்தவரை உங்கள் சொந்த இமெயில் முகவரியில் பதிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றில் சேர்ந்தார். பழைய கல்லூரி அவருக்குத் தந்திருந்த இமெயில் முகவரியை மூடிவிட்டது. அவருடைய பேட்ஜ்கள் எல்லாம் அந்த முகவரியில்தான் இருந்தன. தன்னுடையவை என்று நிரூபிக்க வழி இல்லாமல் சிரமப்பட்டார். அலுவலக முகவரிதான் தர வேண்டும் என்றால், பேட்ஜ் கிடைத்ததும் உங்கள் கணக்கில் சொந்த முகவரியையும் சேர்க்க முடியுமா எனப் பாருங்கள்.

2. பேட்ஜ் பைலை வந்த உடனே டவுண்லோட் செய்து, கம்ப்யூட்டரில் தனி போல்டரில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பென் டிரைவிலும் காப்பி இருக்கட்டும். "தளத்தில் இருக்கிறதே" என்று இருந்துவிட வேண்டாம். பேட்ஜ்களைச் சேர்த்து வைக்க மொஸில்லா "பேக்பேக்" என்ற இலவச வசதியைத் தந்திருந்தது. 2018-ல், அதற்குப் பதிலாக பேட்ஜர் என்ற வேறொரு சேவைக்கு மாறுமாறு அறிவித்தது. அடுத்த ஆண்டில் பேக்பேக் நிறுத்தப்பட்டது. 2022-ல் பேட்ஜரும் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்ப் பெயர் மாறியது. தொடங்கி வைத்தவரின் சேவைக்கே இந்த நிலை என்றால், மற்றவற்றை நம்பி இருக்க முடியுமா?

3. விதிமுறைப் பக்கத்தையும் ஆதாரப் பக்கத்தையும் பி.டி.எப். ஆகப் பிரிண்ட் செய்து அதே போல்டரில் வையுங்கள். நிறுவனம் தன் தளத்தின் முகவரியை மாற்றிவிட்டால் பழைய லிங்க்குகள் திறக்காது. அப்போது பி.டி.எப். பைலை வைத்துச் சோதனை செய்ய முடியாவிட்டாலும், என்ன வேலை செய்தீர்கள் என்று விளக்கவாவது முடியும்.

4. கியூ.ஆர். கோட் இருப்பதாலேயே உண்மை என்று நம்பாதீர்கள். போலிச் சான்றிதழ் தயாரிப்பவர் தன்னுடைய போலித் தளத்திற்கே கியூ.ஆர். கோட் அமைக்க முடியும். ஸ்கேன் செய்தபின் பிரவுசரின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தைப் படியுங்கள். அந்த நிறுவனத்தின் உண்மையான தளம்தானா என்று பாருங்கள்.

5. பேட்ஜ் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால், முதலில் விதிமுறையைக் கேளுங்கள். "பதிவு செய்து கலந்து கொண்டால் போதும்" என்பதுதான் பதில் என்றால், உங்கள் பணத்திற்கு ஒரு படம் கிடைக்கும். வேறு ஒன்றும் கிடைக்காது.

நண்பர் எடுத்த முடிவு

போன வாரம் நண்பர் போன் செய்தார். கல்லூரியில் பேசி, முதல் ஆண்டில் நான்கே நான்கு பேட்ஜ்கள் மட்டும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்களாம். நான்கும் "செய்து காட்டினால் மட்டும்" வகை. ஆசிரியர்களுக்கு இரண்டு, அலுவலகத்திலும் ஆய்வகத்திலும் நூலகத்திலும் பணிபுரிவோருக்கு இரண்டு. கருத்தரங்கில் கலந்து கொண்டதற்குப் பழையபடி ஒரு தாள் போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் செய்திருக்கிறார். 43 சான்றிதழ் வைத்திருந்த ஆசிரியரைக் கூப்பிட்டு, "இதுல எதையாவது ஒண்ணை உங்க வகுப்புல பயன்படுத்தியிருக்கீங்களா சார்?" என்று கேட்டாராம். அவர் சற்று யோசித்துவிட்டு, இணைய வழி வினாத்தாள் ஒன்றைத் தயாரித்து மாணவர்களுக்குக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார். அதற்கான ஆதாரத்தைச் சேகரிக்கச் சொல்லியிருக்கிறார் நண்பர். எனவே அவருக்கும் வழி இருக்கிறது.

ஆய்வக உதவியாளர்தான் முதல் பேட்ஜ் வாங்கப் போகிறவர். ஆதாரமாக அவருடைய எக்செல் பைலின் படமும், துறைத் தலைவர் சரிபார்த்து எழுதிய நான்கு வரிகளும் இணைக்கப்படுகின்றன. "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன் சார். பேட்ஜ் பத்தி ரொம்பக் கேட்கலை. அந்தச் சிவப்பு வரி வர்ற முறையைப் பக்கத்து டிபார்ட்மெண்டுக்கும் சொல்லித் தரட்டுமான்னு கேட்டார்" என்றார் நண்பர்.